சாயக்குழியும் பக்கத்து வீட்டுப் பாலும்

இயற்கைச் சாயம் என்றாலே பட்டணத்துக்காரர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். துணியைக் கையில் கொடுத்தால் விரித்துப் பார்க்கமாட்டார்கள். முதலில் மூக்கில் வைத்து உறிஞ்சுவார்கள். "மண் வாசனைங்க" என்று கண்ணை மூடிக்கொள்வார்கள். நானும் பக்தியோடு தலையை ஆட்டிவைப்பேன். அது மண் வாசனை இல்லை, எத்தனை அலசு அலசியும் போகாமல் நூலுக்குள் உட்கார்ந்திருக்கிற அழுகல் வாடை என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை. வாயைத் திறந்தால் பிழைப்பு கெடும். தவிர, எங்கள் கொட்டகையில் வாயைத் திறந்தால் ஈ உள்ளே போய்விடும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற வழியில், கல்வராயன் மலை தலையைத் தூக்கிப் பார்க்க ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது எங்கள் சாயக் கொட்டகை. மலையிலிருந்து கடுக்காய் மூட்டை இறங்கும். நீலத்துக்குத் திருக்கோவிலூர்ப் பக்கமிருந்து டெம்போவில் அவுரித் தழை வரும். மஞ்சளுக்கு எங்கும் போகவேண்டாம். சொல்லிக் கேட்டால் ஏதோ நாட்டு மருந்துக் கடை போலத் தோன்றும். நேரில் வந்தவர்கள் அப்படிச் சொன்னதில்லை. நேரில் வந்தவர்கள் பெரும்பாலும் எதுவுமே சொன்னதில்லை. கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தால்தானே பேச முடியும்?

அவுரியைத் தொட்டியில் ஊறப்போட்டு, மறுநாள் காலையில் மூடியைத் திறக்கும்போது வருகிற நாற்றத்தை எழுத என் தமிழ் போதாது. முயன்று பார்க்கிறேன். செத்த எலி ஒன்றை அழுகின முட்டைக்கோஸில் சுற்றி, பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் ஒரு வாரம் குடிவைத்தால் கொஞ்சம் கிட்டத்தில் வரலாம். அந்தத் தண்ணீரில் இறங்கிக் கலக்கவேண்டும். நீலம் அடியில் வண்டலாகத் தங்கினதும், மேலே நிற்கிற பழுப்புத் தண்ணீரை வெளியே விட்டாகவேண்டும். கடுக்காய் ஊறின தண்ணீர், மஞ்சள் வெந்த தண்ணீர், துணி அலசின தண்ணீர் எல்லாமே கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற ஒரே குழிக்குத்தான் போகும். அங்கே எல்லாம் ஒன்றோடொன்று சம்பந்தம் பேசி, இரண்டு நாளில் மேலே ஆடை கட்டும். குச்சியால் குத்தினால் அந்த ஆடை கிழியாது. தோல் மாதிரி சுருங்கி, விருந்து சாப்பிட்ட பெரிய மனிதர்போல ஓர் ஏப்பம் விடும். ஓரத்தில் கொழகொழவென்று நூல் தொங்கும். நூலில் வெள்ளையாக ஏதோ நெளியும். அது என்னவென்று குனிந்து பார்க்கிற தைரியம் எனக்கு இருந்ததில்லை.

எல்லாம் செடி கொடியிலிருந்து வந்ததுதானே, மண்ணுக்கு என்ன கெடுதல் என்றுதான் வெகுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். செத்த எலியும் இயற்கைதான் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

என் நகம் நீலம். உள்ளங்கை மஞ்சள். கள்ளக்குறிச்சி பஸ்ஸில் எவ்வளவு கூட்டமானாலும் என் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். வீட்டில் எனக்குச் சோறு வெளியே, வேப்பமரத்தடியில். "உள்ள வராதீங்க. நீங்க வந்தா பூனையே எழுந்து போவுது" என்பாள் மனைவி. பூனை போனது உண்மைதான். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்குத் தத்து போய்விட்டது.

இப்படி நாறிக்கொண்டு நிம்மதியாக இருந்த காலத்தில்தான் ஒருநாள் காலையில் பக்கத்து வீட்டு அக்கா வேலியைத் தாண்டி வந்தார். கையில் பால் கேன்.

இந்த அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய வீடும் மாட்டுக்கொட்டகையும். கணவர் கரும்பு வெட்டுகிற ஆட்களோடு ஊர் ஊராகப் போய்விடுவார். நடவு, களையெடுப்பு இருந்தால் அக்காவும் கூலிக்குப் போவார். மற்ற நாளெல்லாம் அடுப்பு எரிவது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் பசுவால். காலையும் மாலையும் பாலைக் கறந்து ஊர்ப் பால் சொசைட்டியில் ஊற்றுவார். எங்கள் குழி நிரம்பினால் வழிகிற தண்ணீர், ஒரு சின்ன வாய்க்காலாக அந்த மாட்டுக்கொட்டகையை ஒட்டித்தான் ஓடும்.

"இந்தா தம்பி" என்று கேனை நீட்டினார் அக்கா.

"இன்னாக்கா இது?"

"பாலு. சொசைட்டில வாண்டாம்னுட்டான். மூடியத் தெறந்தான், மூக்க வச்சான், மூஞ்சிய இப்பிடித் திருப்பிக்கினான். 'இன்னாம்மா, மாட்ட எங்க கட்டுற? சாக்கடைலயா?'ன்னு கேக்குறான், அத்தினி பேருக்கு முன்னாடி. இது உன் சாயத்தோட நாத்தம். அதனால இது உன் பாலு. நீ குடி."

பால் நாற்றத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன். படித்ததை அக்காவிடம் சொல்லியிருக்கக்கூடாது.

"தெரிஞ்சிகினேதான் வுட்டியா?" என்றார்.

மனைவி உள்ளிருந்து வந்தாள். கேனை வாங்கி, அந்தப் பாலைக் காய்ச்சி, காபி போட்டு, டம்ளரை நுரை பொங்க ஆற்றி என் முன்னால் வைத்தாள். இரண்டு பெண்களும் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். நான் மூச்சைப் பிடித்துக் குடித்தேன். மூச்சு எவ்வளவு நேரம் நிற்கும்? விட்டதும் அவுரித் தொட்டி மொத்தமும் நாக்கின் அடியிலிருந்து எழுந்து மூக்கு வழியாக வந்தது. சர்க்கரை அதைக் கொஞ்சமும் மறைக்கவில்லை. நாற்றத்துக்கு இனிப்பு சேர்ந்ததுதான் மிச்சம்.

"நல்லாருக்குதா?" என்றார் அக்கா.

"நல்லாருக்குதுக்கா."

"அப்ப சாயங்காலமும் கொண்டாறேன்."

போகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்ன வார்த்தையில் மட்டும் கேலி இல்லை. "இன்னும் ரெண்டு தபா இப்பிடி அடிச்சிதுன்னா இனிமே கொண்டாராதன்னுட்டான் தம்பி. வேற எங்க ஊத்துவேன் சொல்லு."

அக்காவின் பால் மறுபடி சொசைட்டிக் கேனில் விழவேண்டும். அதற்குக் குழித் தண்ணீரை நான் ஏதாவது செய்தாகவேண்டும்.

நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவன். மூன்றாம் வகுப்பு. ஆய்வுக்கூடத்தில் நான் தொட்ட குடுவை எதுவும் முழுதாக அலமாரிக்குத் திரும்பியதில்லை. ஆனாலும் ஒன்று ஞாபகம் இருந்தது. தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால், கம்பியின் நுனியில் சாயத்திடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கலாம். பிடுங்கப் பிடுங்க அது உடையும், நிறம் போகும். மின்வேதி ஆக்சிஜனேற்றம் என்று பெயர். அன்று பரீட்சையில் அந்தக் கேள்வியைச் சாய்ஸில் விட்டவன் நான். அது என்னை விடவில்லை.

தியாகதுருகத்தில் பேட்டரிக் கடை வைத்திருக்கிற மச்சானுக்கு போன் போட்டேன். மனைவியின் தம்பி. பழைய பேட்டரி சார்ஜர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, தன் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையையும் போட்டுக்கொண்டு வந்தான். சட்டையை எதற்குப் போட்டு வந்தான் என்று இன்றுவரை தெரியவில்லை. விஞ்ஞானம் என்று நான் சொன்னதைக் கொஞ்சம் மரியாதையாக எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது.

ஒரு நீல பீப்பாயைப் பாதியாக அறுத்துக் குழித் தண்ணீரை மொண்டு ஊற்றினோம். வீடு கட்டி மிஞ்சின முறுக்குக் கம்பி இரண்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிறுத்தி, சார்ஜர் வயரை மாட்டினோம். மச்சான் சுவிட்சைப் போட்டான். குமிழி கிளம்பியது.

"மாமா, வேலை செய்யுது!" என்று குதித்தான்.

வேலை செய்தது. பழுப்புத் தண்ணீர் சாம்பல் ஆனது. சாம்பல் கறுப்பானது. கொஞ்ச நேரத்தில் பீப்பாய் நிறையக் கன்னங்கரேலென்று மை. நுரைகூடக் கறுப்பு. தார் கொதிக்கிற மாதிரி பொத் பொத்தென்று குமிழி வெடித்து, வெடித்த ஒவ்வொன்றும் மச்சானுடைய கல்யாணச் சட்டையில் ஒரு பொட்டு வைத்தது. நாற்றம் கொஞ்சமும் குறையவில்லை. பழைய நாற்றத்துக்குள் இரும்பு வாடையும் சேர்ந்து, காயத்திலிருந்து கழற்றின கட்டுத்துணி மாதிரி குமட்டியது.

நான் வாயைப் பிளந்து நின்றேன். ஈ போனது.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். பீப்பாயைப் பார்த்தாள். கம்பியைப் பார்த்தாள். "கறுப்புத் துணிக்கு ஆர்டர் ஏதாச்சும் வந்திருக்குதாங்க?" என்று கேட்டாள்.

அப்போதுதான் உறைத்தது. துருப்பிடித்த ஆணியையும் லாடத்தையும் வெல்லத்தோடு பானையில் புளிக்கவைத்து, அந்த இரும்புக் காடியைக் கடுக்காய் ஏறின துணியில் காட்டினால் கறுப்பு வரும். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. நான் சோறு தின்பதே அதில்தான். அப்படிப்பட்டவன் கடுக்காய்த் தண்ணீரில் இரும்பைக் கொண்டுபோய் நட்டு, அது கரைவதற்கு மின்சாரமும் கொடுத்து, நிறம் போகும் என்று காத்திருந்திருக்கிறேன். சமையல்காரன் பாலில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டு, ஐயோ திரிஞ்சிபோச்சே என்று அழுதால் எப்படியோ அப்படி.

"இன்னா மாமா, உங்களுக்கே தெரியாதா?" என்றான் மச்சான், சட்டையைப் பிடித்துக்கொண்டு.

"தெரியும்டா. தெரிஞ்சதனாலதான் தோணல."

அந்த மையை வீணாக்க மனசில்லாமல் என் பழைய வேட்டிகளை முக்கி எடுத்தேன். அருமையான கறுப்பு. அந்த வாரம் முழுக்க, இந்த மாசத்தில் யார் மாலை போட்டது, சாமி எப்போது மலைக்குப் போகிறது என்று ஊரில் கேட்டார்கள்.

இதற்குள் அக்காவின் பால் இன்னொரு முறை திரும்பிவிட்டது. எனக்கு இன்னொரு டம்ளர் காபியும் ஆனது. மிச்சம் ஒரே ஒரு தபா. அதற்குப் பயந்து அக்கா சொசைட்டிக்குப் போவதையே நிறுத்தினார். கறந்த பாலைக் கன்றுக்கு விட்டது போக, மீதியை எருக்குழியில் ஊற்றினார். வேலிக்கு இந்தப் பக்கம் நான் நிற்கிறேன் என்று தெரிந்தே மெதுவாக ஊற்றுவார்.

கரையாத கம்பி வேண்டும். டார்ச் லைட் பேட்டரிக்குள் கரிக்குச்சி இருக்கும். மச்சான் கடையில் செத்த பேட்டரிக்குப் பஞ்சமில்லை. இருவரும் உட்கார்ந்து உடைத்தோம். உள்ளே இருக்கிற கறுப்புப் பிசின் கையில், முகத்தில், மூக்குத் துளையில். அன்று சளி சிந்தினால் அதுவும் கறுப்பு. குச்சிகளை வரிசையாகக் கட்டி, தண்ணீரில் கல்லுப்பைக் கை கையாக அள்ளிப் போட்டோம். உப்பு இருந்தால் மின்சாரம் நன்றாகப் பாயும். அதோடு உப்பிலிருந்து குளோரின் பிறக்கும். அது சாயத்தின் மேல் விழுந்து கடித்துக் குதறும். புத்தகத்தில் இதை இவ்வளவு ரத்தக்களரியாக எழுதமாட்டார்கள்.

இந்த முறை மை வரவில்லை. நுரை வந்தது. மாட்டின் வாயில் தொங்குகிற மாதிரி, பழுப்பும் மஞ்சளுமாகப் பீப்பாய் விளிம்பைத் தாண்டி வழிந்தது. கூடவே மூக்கைச் சுருக்கென்று குத்துகிற காரம். கண்ணீர் கொட்டியது. காற்று வீசுகிற பக்கமாக ஓடி நின்று இருமினோம்.

"மாமா, நீச்சல் குளம் வாடை வருது."

"நீ எப்படா நீச்சல் குளத்துக்குப் போன?"

"போவல. இப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சிகினு இருந்தேன்."

ஆனால் நிறம் போனது. சத்தியமாகப் போனது. காலையில் கழுநீர் மாதிரி இருந்தது மத்தியானம் டீயானது. பிறகு பால் கம்மியான கடை டீ. பிறகு பஸ் ஸ்டாண்டில் பானகம் என்று விற்கிறார்களே, அது. வெயில் சாயும்போது பீப்பாயின் அடியில் கிடந்த உப்புக்கல் தெரிந்தது. மச்சான் ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு சூரியனுக்கு எதிரே பிடித்தான். வைரம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வேதியியலில் மூன்றாம் வகுப்பு கொடுத்தவர்கள் எல்லோரையும் மனதுக்குள் மன்னித்தேன். மன்னித்த சந்தோஷத்தில், மச்சான் தடுப்பதற்குள், அந்த டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டேன்.

உப்பு. அடுத்தது துருப்பிடித்த கத்தியை நக்குகிற ருசி. அதற்குப் பின்னால் ஆஸ்பத்திரித் தரை. எல்லாவற்றுக்கும் கீழே, மிக ஆழத்தில், கடுக்காயின் துவர்ப்பும் எலி செத்த அவுரியும் பத்திரமாக இருந்தன. வேப்பமரத்தடியில், நான் தினமும் சோறு தின்கிற அதே இடத்தில், அன்று தின்றதையெல்லாம் திருப்பிக் கொடுத்தேன்.

சாயத்துக்கு நிறம் என்பது சட்டை மாதிரி. சட்டையைக் கழற்றிவிட்டால் ஆள் காணாமல் போய்விடுவானா? துண்டு துண்டாக உடைந்த சாயமெல்லாம் அந்தத் தண்ணீருக்குள்தான் அம்மணமாக நின்றிருந்தது. நாக்குக்குத் தெரிந்துவிட்டது. மூளைக்குப் போய்ச் சேர நேரமானது. நடுவில் பெருமை வழிமறித்துக்கொண்டு நின்றதே! எனவே வாயைக் கொப்பளித்துவிட்டு, அடுத்த இரண்டு நாளும் பீப்பாய் பீப்பாயாகத் தெளியவைத்து, அந்த வைரத்தையெல்லாம் வாய்க்காலில் திறந்துவிட்டேன்.

அக்கா வேலி ஓரம் வந்து பார்த்தார். "தெளிஞ்சிடுச்சே தம்பி! படிச்சவன் படிச்சவன்தான்" என்றார். எனக்குக் கேட்டது அந்த இரண்டாம் வரி மட்டும். அன்று சாயங்காலமே அக்கா துணிந்து பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோனார்.

நான் கணக்கில் வைக்காத ஜீவன் பசு. வாய்க்கால் கலங்கலாக நாறியபோது அது முகத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சை மட்டும்தான் இழுத்தது, வாய் வைக்கவில்லை. அதற்கு என்னைவிட அறிவு ஜாஸ்தி. இப்போது வாய்க்காலில் ஓடுவதோ தெளிந்த உப்புத் தண்ணீர். மாட்டுக்கு உப்பு என்றால் உயிர். முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வந்து, வாய்க்காலில் வாயை வைத்து, தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி குடித்திருக்கிறது.

அக்கா கேனோடு வந்தபோது கத்தவில்லை.

"முன்ன பொணம் நாத்தம். இப்ப ஆஸ்பத்திரி நாத்தம். கடேசி தபா முடிஞ்சிது. கால்ல வுழாத கொறையாக் கேட்டு இன்னும் ஒரே ஒரு நாளு வாங்கியாந்திருக்கேன்." கேனைக் கீழே வைத்தார். "நீ கலர எடு, எடுக்காம போ. கரண்டு வுடு, இன்னா வேணா வுடு. எம்மாட்டுப் பக்கம் மட்டும் வுடாத தம்பி. என் வூட்டுல எரியறது ஒரு அடுப்பு."

அன்று காபி வரவில்லை. வந்திருந்தால் குடித்திருப்பேன்.

மண்வெட்டியை எடுத்து வாய்க்காலை அடைத்தேன். கொட்டகைக்கு அந்தாண்டை, காற்று அக்கா வீட்டுப் பக்கம் வீசாத இடத்தில், என் சொந்த இடத்திலேயே அகலமாக ஆழமில்லாமல் பாத்தி வெட்டி, தார்ப்பாய் விரித்து, தண்ணீரை அதில் காயவிட்டேன். கள்ளக்குறிச்சி வெயிலுக்கு அந்த அளவு தண்ணீர் ஒரு வாய்க்குக் காணாது. ஆனால் வெயில் தண்ணீரை மட்டும்தான் எடுத்துக்கொண்டது. மற்றதையெல்லாம் எனக்கு விட்டுவைத்தது. பழைய குழியையும் காலி பண்ணவேண்டும் அல்லவா? இறங்கினேன். முழங்கால்வரை சேறு. சேறு என்று சொன்னால் சேற்றுக்கு அவமானம். மண்வெட்டியில் அள்ளினால் நிற்காது, நழுவி என் காலுக்கே திரும்பி வரும். இத்தனை நாள் குனிந்து பார்க்காத அந்த வெள்ளை நெளிசலை இப்போது முகத்துக்கு நேரே பார்த்தேன். அதுவும் பார்த்தது. மச்சானுக்கு போன் போட்டால், "கடைல ஆளு இல்ல மாமா" என்றான். அவன் கடையில் என்றைக்குமே ஆள் இருந்ததில்லை.

அக்கா பசுவைத் தோட்டத்து மறுகோடியில் கட்டி, போர்வெல் தண்ணீரும் வைக்கோலும் காட்டினார். பாலை எங்கும் கொண்டுபோகவில்லை. தினமும் கறந்ததும் தானே முகர்ந்து பார்ப்பார். நான் குழிக்குள்ளிருந்து அவர் முகத்தைப் பார்ப்பேன். ஒருநாள் முகர்ந்துவிட்டு, மறுபடி முகர்ந்துவிட்டு, வேலிப் பக்கம் வந்தார்.

"சொசைட்டிக்குப் போறேன். நீயும் வா."

"நான் எதுக்குக்கா?"

"திருப்புனான்னா அவங்கிட்ட நீயே சொல்லு, யாரு வேலன்னு. நான் எத்தினி தபா தலையக் குனியறது?"

நான் அப்படியே குழியிலிருந்து ஏறி, காலை மட்டும் கழுவிக்கொண்டு பின்னால் போனேன்.

சொசைட்டியில் வரிசை. நாங்கள் போய் நின்றதும் வரிசை முன்பக்கமாகக் கொஞ்சம் நெருங்கிக்கொண்டது. அக்காவின் முறை வந்தது. பால் ஊற்றிக்கொள்கிறவர் மூடியைத் திறந்து மூக்கை வைத்தார். முகம் கோணியது. அக்காவின் கை கேன் பிடியில் இறுகியதைப் பார்த்தேன்.

அவர் மறுபடி முகர்ந்தார். கேனை முகர்ந்தார். காற்றை முகர்ந்தார். மெல்ல நிமிர்ந்து, அக்காவின் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"யோவ், நீ யாரு?"

"நான் பக்கத்து வூடுங்க..."

"வெளிய போய்யா மொதல்ல! பால் எதுன்னே தெரியல!"

"போ தம்பி, போ! ரோட்டத் தாண்டிப் போ!" என்று அக்காவும் முந்தானையால் என்னை விரட்டினார், கோழியை விரட்டுகிற மாதிரி. வரிசையே திரும்பிச் சிரித்தது. நான் ரோட்டைத் தாண்டி, டீக்கடையையும் தாண்டி, அங்கேயும் துரத்தினார்கள் என்பதால் இன்னும் கொஞ்சம் தாண்டி, கரும்பு லாரி ஒன்றின் மறைவில் நின்று எட்டிப் பார்த்தேன். பால் ஊற்றிக்கொள்கிறவர் கையால் விசிறினார். காற்று அடங்கக் காத்திருந்தார். மூடியைத் திறந்து, கண்ணை மூடி, மூக்கை உள்ளே விட்டார். இவ்வளவு நேரம் ஒரு மனிதன் முகர்ந்து நான் பார்த்ததில்லை.

பிறகு கேனைச் சாய்த்தார்.

அக்கா காலிக் கேனை ஆட்டிக்கொண்டு லாரிப் பக்கம் வந்தார். பத்தடி தள்ளியே நின்று, முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "நீ முன்ன நட தம்பி" என்றார். "நான் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துகினு பின்னால வரேன்."